பதினேழாவது பந்து

மேசைக்காரர் என்றதும் தச்சர் என்று நினைத்துவிடாதீர்கள். குச்சியால் பந்தை அடித்துக் குழியில் போடுகிற பில்லியர்ட்ஸ் கூடங்களில் மேசைக்குப் பச்சைத் துணி மாற்றுவதும், அடியில் இருக்கும் கல் பலகையை மட்டம் பார்ப்பதும்தான் அவர் பிழைப்பு. இருபத்தாறு வருடம் குனிந்தே வேலை பார்த்ததில் முதுகு வளைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான மேசைகளுக்குத் துணி போட்டவர் ஒரு பந்தயத்தில்கூட ஆடியதில்லை. "ஊரான் ஆட துணி விரிக்கறதுக்குன்னே பொறந்த மனுஷன்" என்பாள் மனைவி. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் கேலி செய்ய அவர் ஒருவர்தான் இருந்தார்.

சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு யாரோ ஒரு பழைய மேசையைத் தானமாகக் கொடுத்தார்கள். அதை நிறுத்திக் கொடுக்கத்தான் போனார். சுற்றி நின்ற பையன்கள் குச்சியைத் துடைப்பம் மாதிரிப் பிடித்ததைப் பார்க்கச் சகிக்காமல், "அப்படி இல்லப்பா" என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு. சம்பளம் என்று சல்லிக்காசு கிடையாது.

"வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்கிட்டீங்க" என்றாள் மனைவி. ஆனாலும் செவ்வாய்க்கிழமைச் சட்டையை அவளே தேய்த்து வைத்தாள்.

எட்டுப் பையன்கள். முதல் மூன்று வாரம் ஒருவனையும் குழியில் பந்து போட விடவில்லை. காலை அகட்டி நில், இடது கையை மேசையில் ஊன்று, தாடையைக் குச்சிக்குப் பக்கத்தில் கொண்டுவா. பிறகு வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து மேசையின் எதிர் விளிம்பு வரை அடிக்க வேண்டும். அது மோதித் திரும்பி வந்து குச்சியின் நுனியையே தொட வேண்டும். தொடாவிட்டால் அடித்தது கோணல். பையன்கள் பந்தைத் திட்டினார்கள், மேசையைத் திட்டினார்கள். "மேசைய நான்தான்டா மட்டம் பாத்தேன், கோணல் உன் கைலதான்" என்று அவரும் சண்டைக்கு நின்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் முதுகு வலியை மறந்துவிடுவார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதுவரை அறிந்ததில்லை.

இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் பந்து. ஒருவன் அடிக்க ஏழு பேர் கொட்டாவி விட்டார்கள். இன்னொன்று இருந்தால் மேசையின் இரண்டு பக்கமும் பழகலாம். ஆனால் வாசலில் புதிதாக ஒரு குண்டூசி கொண்டுபோனாலும் பதிவேட்டில் எழுதி, அனுமதி வாங்க ஒரு மாதம் ஆகும். மேசைக்காரர் தன் பட்டறையில் கிடந்த பழைய வெள்ளைப் பந்தைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனார், கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வார்டன் எண்ணுவார்: குச்சி எட்டு, பந்து பதினாறு. ஒன்று குறைந்தாலும் அன்றோடு வகுப்புக்கு மூடுவிழா, அதுதான் நிபந்தனை. இவருடைய பந்து அந்தக் கணக்கிலேயே இல்லை.

பையன்களில் ஒருவனை எல்லோரும் ஊமையன் என்றார்கள். பேச வரும், பேசமாட்டான். மாமனோடு சேர்ந்து ஒரு கடையை உடைத்த வழக்கு. அடுத்த மாதம் பதினெட்டு வயது. பத்தொன்பது நாளில் விடுதலை, அக்கா வந்து கூட்டிப்போவாள். வெள்ளைப் பந்தை முதலில் நேராகத் திருப்பிக் கொண்டுவந்தவன் அவன்தான். பட்டாளம் என்று ஒரு முரடன், ஊமையனைவிட இரண்டு மடங்கு உருவம், தினமும் அவன் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினான். குளிக்கிற தொட்டியில் அவன் தலையைப் பிடித்து அமுக்கினான். கழுத்தில் இருந்த நகக்கீறலை மேசைக்காரரும் பார்த்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வார்டன் எண்ணிப் பதினாறு சரி என்று சொல்லிவிட்டார். மேசைக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவருடைய பந்தைக் காணோம். பையன்கள் வரிசையில் வெளியே போனார்கள். ஊமையன் கடைசியில் நின்றான். கால்சட்டைப் பை புடைத்திருந்தது, கை உள்ளே இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான், நகரவில்லை.

மேசைக்காரர் வார்டன் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தால் வார்டன் காதில் விழும், அனுமதியில்லாமல் கொண்டுவந்தது தெரிந்து வகுப்பு போய்விடும். கட்டிலில் வைத்துப் பழகத்தான் எடுத்திருப்பான், வெள்ளிக்கிழமை தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குனிந்து, குச்சி நுனியில் தேய்க்கும் சாக்பீஸ் டப்பாவை மூடினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நிமிர்ந்தபோது பையன் போய்விட்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை, குளிக்கிற தொட்டியருகில், காலுறைக்குள் அந்தப் பந்தைப் போட்டுச் சுழற்றிப் பட்டாளத்தின் முகத்தில் அடித்துவிட்டான் ஊமையன். ஒரே அடி. கன்ன எலும்பு நொறுங்கியது. இடது கண் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மேசைக்காரர் போனபோது வகுப்பறை பூட்டியிருந்தது. இல்லத்துக் கண்காணிப்பாளர் அம்மாவின் மேசையில், ஒரு கவருக்குள் பந்து இருந்தது.

"எங்க பந்து பதினாறும் சரியா இருக்கு. இது அவன் அக்கா பாக்க வந்தப்ப கொண்டுவந்து குடுத்தது. நேத்தே போலீஸ்ல அவளக் கூட்டிட்டு வந்து விசாரிக்கறாங்க" என்றார் அந்த அம்மா.

அந்த அக்காவின் முகத்தைக்கூட மேசைக்காரர் பார்த்ததில்லை.

"அது என் பந்தும்மா" என்றார். "டப்பால வெச்சு கொண்டுவந்தேன்."

அந்த அம்மா கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவன் எடுத்தது தெரியுமா உங்களுக்கு?"

"பாத்தேன்."

அந்த அம்மா திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். மேசைக்காரர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அக்காவை விட்டுவிட்டார்கள். ஊமையனின் வழக்கைப் பெரியவர்களுக்கான கோர்ட்டுக்கு மாற்றுகிறார்கள் என்று வார்டன் சொன்னார்.

அவனைக் கொண்டுபோகும் வண்டி வரும்வரை இரண்டு நிமிடம் அவனோடு பேச விட்டார்கள். நடையில் ஒரு பெஞ்சில், கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின? இன்னும் கொஞ்ச நாள்தானேடா" என்றார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எடுத்துட்டேன், ஆனா பயமா இருந்துச்சு மாஸ்டர். நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியும். கேட்டீங்கன்னா குடுத்துடலாம்னுதான் கடைசில நின்னேன்."

மேசைக்காரர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்கு அழக்கூட அருகதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுதார்.