பிரதம அதிதிக்காகக் காத்திருந்த சுற்றுலா

முதியோருக்கென்று சுற்றுலா ஒன்று இருப்பதே எனக்கு அறுபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் தெரியும். போர் முடிந்து, களப்பு என்கிற எங்கள் உள்கடலில் விரும்பிய பக்கம் படகு விடலாம் என்றான பிறகு, ஊருக்கு ஊர் முதியோர் சங்கம், சங்கத்துக்குச் சங்கம் சுற்றுலா. எங்கள் சங்கமும் கற்பிட்டியிலிருந்து ஒரு தீவுக்குப் புறப்பட்டது. தீவின் பெயரை எழுதமாட்டேன். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

முதல் கோபம் படிவத்திலேயே தொடங்கியது. பங்குபற்றுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சம்மதம் வாங்கி வர வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்து, அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கெல்லாம் அனுமதி கொடுத்த கை இது. கட்டாரில் இருக்கும் என் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, உம்மா படகில் போகலாமா என்று கேட்க வைத்தார்கள். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் போனேன், பக்கத்து வீட்டுக்காரிக்காக. எழுபதைத் தாண்டியவர். அவருடைய ஒரே அக்கா, அவர் வாய் நிறைய ராத்தா என்று கூப்பிடுகிறவர், அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டு, இப்போது கட்டிலோடு கிடந்தார். இவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, மீன் வள்ளத்தில் கால் தூக்கி ஏற முடியாமல் போய் மூன்று வருடம். சுற்றுலாப் படகில் ஏறப் படியும் உட்காரக் கதிரையும் உண்டு என்று கேள்விப்பட்ட அன்றே பெயர் கொடுத்துவிட்டார். "சஹன் போட்டு வைக்கச் சொல்றன், ரெண்டு பேரும் ஒரு சஹன்ல இரிந்து திண்டு எவ்வளவு காலம்" என்று ராத்தா சொல்லியனுப்பியிருந்தார். பெரிய தட்டில் சோறு குவித்து, சுற்றியிருந்து எல்லோரும் கைவைத்து உண்பது எங்கள் வழக்கம். இவருக்கு அந்த ஒரு பிடி சோறுதான் சுற்றுலா.

பத்து மணிக்கே தீவில் இறங்கிவிட்டோம். ராத்தாவின் வீட்டுக் கூரை கரையிலிருந்தே தெரிந்தது. பள்ளிவாசலைத் தாண்டி நாலாவது வீடு.

"டீச்சர், இப்பவே போய் வரட்டா?" என்று கேட்டார்.

நான்தான் தடுத்தேன். அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் காட்டி, "பகல் சாப்பாட்டுக்குப் பொறகு ஒண்டரை மணித்தியாலம் ஓய்வு போட்டிரிக்கி. அப்ப ஆறுதலாப் போவம். இப்ப போனா ஒழுங்கு குழம்பும்" என்றேன். வாழ்நாள் முழுக்க மணி அடித்தால் எழும்பி, மணி அடித்தால் உட்கார்ந்த புத்தி வேறென்ன சொல்லும்?

பிறகு விளையாட்டு. எங்களை அழைத்து வந்த உத்தியோகத்தர், முப்பது வயதுப் பெண், ஒலிவாங்கியைப் பிடித்து, "உம்மாமாரும் வாப்பாமாரும் இண்டைக்குச் சின்னப் பிள்ளைகள்" என்று அறிவித்தார். சின்னப் பிள்ளைகளாம். நாற்பது வருடம் கடலுக்குப் போய் வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். உப்பளத்து வெயிலில் முதுகு வெந்தவர்கள் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து, புத்தளத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடச் சொன்னார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள். மூச்சிழுப்புக்காரர் ஒருவரும் ஊதினார். பலகையில் வரைந்த யானைக்குக் கண் வைக்கும் போட்டியில் என் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார்கள். அதுவரை அக்காவின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த கண். அவர் யானையின் வாலில் பொட்டு வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது, ஓய்வு வரவில்லை. பரிசு கொடுக்கப் பிரதம அதிதி வருகிறாராம், படம் எடுக்க எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல் இருக்க, லுஹரைக் கரையிலேயே பாய் விரித்துத் தொழ வைத்தார்கள். கேட்கும்போதெல்லாம் "இந்தா, பத்து நிமிசத்துல வந்துடுவார்" என்ற ஒரே பதில். பக்கத்து வீட்டுக்காரி தன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவேயில்லை. ராத்தாவின் மருமகள் இரண்டு தரம் கரைப் பக்கம் வந்து, பதாகையையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனாள். அதிதி மூன்று மணிக்கு வந்தார். முதியோர் நாட்டின் செல்வம் என்று பேசினார், ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். உத்தியோகத்தர் விசில் அடித்து எல்லோரையும் படகுக்குக் கூப்பிட்டார்.

நான் எழும்பிப் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்தேன். உத்தியோகத்தர் ஓடி வந்தார்.

"டீச்சர், ஆரும் பிரிஞ்சு போகேலா. ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?"

"எழுவது வருசமா இவக்கு ஆர் பொறுப்பு, நீங்களா?" என்று கேட்டேன். "விட்டுட்டுப் போறதெண்டா போங்க."

மணலில் அவரால் வேகமாக நடக்க முடியவில்லை. வீட்டில் பாயின் மேல் சஹன் துணி மூடி அப்படியே இருந்தது. காலையிலேயே ராத்தாவைக் குளிப்பாட்டி, புதுச் சீலை உடுத்தி, தலையணைகளை அண்டை கொடுத்து உட்கார வைத்திருந்தார்களாம். இப்போது அவற்றிலிருந்து சரிந்து கிடந்தார். தங்கச்சி வரட்டும் என்று காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை என்றாள் மருமகள். பக்கத்து வீட்டுக்காரி ஆறிப்போன சோற்றில் ஒரு பிடி பிசைந்து அக்காவின் வாயில் வைத்தார். அவரால் விழுங்க முடியவில்லை. கரையில் விசில் திரும்பவும் கேட்டது.

"ஏன் புள்ள பிந்தின?" என்று ராத்தா கேட்டார்.

கண்ணைக் கட்டி விளையாடினோம் என்று எப்படிச் சொல்வது? வாளிக்காகக் காத்திருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

"கடல் சரியில்ல ராத்தா. ஒரே காத்து. படகு பிந்திப் போச்சி" என்றார் என் பக்கத்து வீட்டுக்காரி.

ராத்தா திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தார். மீன்பிடிக்காரனுக்குப் பிறந்து மீன்பிடிக்காரனைக் கட்டியவர். களப்பு அசையாமல் கிடந்தது, வாசலில் காய்ந்த துணிகூட ஆடவில்லை.

"ஓம், காத்துத்தான்" என்றார். பிறகு தங்கச்சியின் சோற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காத்துக்குள்ளயும் நீ வந்தியே."