ஒருத்தர் குறையுது

படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கி வனமாமலை வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'மிலிட்டரி வூடு' என்று கேட்டால் டீக்கடை மாஸ்டரே கையிலிருக்கும் குவளையை நீட்டி வழி காட்டுவார். மனிதர் மிலிட்டரியில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இருபது வருஷமும் விமானப்படை. வந்த புதிதில் நாலைந்து பேரிடம் திருத்திச் சொல்லிப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடைசியில் மிலிட்டரி என்று கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கடைசியாகத் தாம்பரத்தில் வேலை பார்த்தபோது, படப்பையில் வயலைக் கூறுபோட்டு விற்ற மனைகளில் ஒன்றை வாங்கிப் போட்டார். ஓய்வு பெற்றதும் அதில் இரண்டு அறை கட்டி, மனைவி சந்தனமாரியோடும் மகள் கனிஷ்காவோடும் குடியேறிவிட்டார். தாம்பரத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பும் ஹெலிகாப்டர்கள் அந்தத் தெருவுக்கு மேலேதான் திரும்பும். பிள்ளைகள் ஓடி வந்து கையாட்டும். அதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் இவர். தலையை நிமிர்த்த மாட்டார், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அதற்குக் காரணம் தெரிந்தவள் சந்தனமாரி ஒருத்திதான். ஒரே ஒரு தடவை, மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலேயே அவர் சொன்னார். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை. வனமாமலை அப்போது பெரிய ஹெலிகாப்டர் ஒன்றில் வாசலோரம் நிற்கிற ஆள். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையில் ஒரு கொக்கி, அது உள்ளே ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். சாமான் இறக்குவது, அடிபட்டவர்களை ஏற்றுவது, ஏறியவர்களை எண்ணி விமானிக்குச் சொல்வது அவர் பொறுப்பு. ரோந்து போன சிப்பாய்கள் பதினொரு பேர் ஒரு முகட்டில் தொடர்பு அறுந்து காணாமல் போனார்கள். மேகம் விலகும்போதெல்லாம் ஹெலிகாப்டர் அந்தப் பள்ளத்தாக்கில் போய்த் தேடியது. மூன்றாம் நாள் பாறைமேல் விரித்திருந்த துணி ஒன்று கண்ணில் பட்டது.

இறங்க இடமில்லை. ஒரு சக்கரத்தை மட்டும் சரிவில் ஊன்றி, மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்க, விமானி பிடித்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்தில் காற்றுக்கே பலம் கிடையாது, ஹெலிகாப்டருக்கு எங்கிருந்து வரும்? வனமாமலை ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கால் மரத்துப் போனவர்கள், நெல் மூட்டை மாதிரி வந்து விழுந்தார்கள். எண்ணிப் பார்த்தார். பத்து. ஒரு ஆள் குறைவு.

இன்னும் ஒருவர் என்று விமானிக்கு விரலைக் காட்டினார். உள்ளே கிடந்தவர்களைக் கேட்டார். இறக்கை போடுகிற கூச்சலில் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். அவன் நேற்றே செத்துவிட்டான் என்றான் ஒருவன். இல்லை, இன்று காலையில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்றான் இன்னொருவன். வனமாமலை பாறையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பழுப்பாக என்னவோ அசைந்தது. கையாகவும் இருக்கலாம், காற்றில் ஆடிய கிழிசலாகவும் இருக்கலாம். நடந்தால் முப்பது அடி இருக்காது. கொக்கியைக் கழற்றினால் இறங்கிப் போய்ப் பார்த்துவிடலாம். அவர் கை கொக்கிக்குப் போனது. அதற்குள் எதிர்மலையிலிருந்து குண்டு விழ ஆரம்பித்தது. இரண்டாவது குண்டு கிட்டத்தில் விழுந்ததும் விமானி மேலே தூக்கிவிட்டார்.

அப்புறம் நாலு நாள் மேகம். ஐந்தாம் நாள் போனபோது பாறை இருந்தது, பனி இருந்தது, வேறொன்றும் இல்லை. அந்தச் சிப்பாய் 'காணாமல் போனவர்' ஆனான். பெயர்கூட வனமாமலைக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

விமானி செய்தது சரி என்றார்கள் எல்லோரும். இன்னும் அரை நிமிஷம் நின்றிருந்தால் பத்துப் பேரும் போயிருப்பார்கள். வனமாமலையும் அதைத்தான் சொல்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ பார்த்தது வெறும் துணி என்றான் கூட வேலை பார்த்தவன். அதற்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் ஒன்றும் குறைச்சலில்லை, மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து எண்ணுகிற பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால், கிளம்புவதற்கு முன் மூன்று தடவை எண்ணுவார். டிரைவர் பல்லைக் கடிப்பான்.

"ஏங்க, என்னத்த எண்ணுதீய? எல்லாம் பொண்டு பிள்ளையளோடதான இருக்காவ" என்று சந்தனமாரி முழங்கையால் இடிப்பாள்.

"ஒருத்தர் குறையக் கூடாதுல்லா" என்பார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. கார் இருக்கைக்கு உள்ளே வைக்கிற ஃபோம் செய்யும் கம்பெனி. பாதிக்குமேல் கான்ட்ராக்ட் பிள்ளைகள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து ஒரே அறையில் எட்டுப் பேராகப் பாய் விரிப்பவர்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் வனமாமலைக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர்களுக்கு அவர் அண்ணாச்சி. மற்றவர்களுக்கு வழக்கம்போல் மிலிட்டரி.

ஃபோம் பற்றிக்கொண்டால் நெருப்பைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும். அதனால் மாதம் ஒரு தடவை சைரன் அடித்து எல்லோரையும் சைக்கிள் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தி எண்ண வேண்டும் என்று மேனேஜரை நச்சரித்து அனுமதி வாங்கினார். உள்ளே வந்ததற்கு அட்டை பஞ்ச் செய்தவர்கள் எத்தனை, வெளியே நிற்கிற தலைகள் எத்தனை, இரண்டும் ஒத்துப்போனால்தான் விடுவார். லைன் நின்றுபோகிறதே என்று சூப்பர்வைசர் பாபுவுக்கு வயிறு எரியும்.

"இன்னா மிலிட்டரி, ஆட்டு மந்தை மாரி எண்ணிக்கினே கீறீங்க. அவன் அவன் உயிரு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மயங்கிக் கெடந்தா என்ன செய்வான்?" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டே போவார்.

அவருக்குத் தெரியாத ஒன்று அந்த அறைகளில் நடந்துகொண்டிருந்தது. ஒருவனுக்கு லீவு கிடைக்காவிட்டால் இன்னொருவன் அவன் அட்டையையும் சேர்த்துப் பஞ்ச் செய்துவிடுவான். இன்னைக்கு எனக்கு நீ, நாளைக்கு ஒனக்கு நான். திருட்டுத்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? வனமாமலை சைரன் அடிக்கிற நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அன்று மட்டும் யாரும் மட்டம் போடுவதில்லை. பிடிபட்டால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று கேட்டருகே நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருந்தது.

இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று மகாராஜா என்ற பையன் லீவு கேட்டான். பாபு கொடுக்கவில்லை. கொடைக்குப் போகாமல் இருப்பானா? முந்தின நாளே ஷேர் ஆட்டோ ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்துவிட்டான். மறுநாள் காலை அவன் அட்டையை அறைத்தோழன் மாரிராஜ் பஞ்ச் செய்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஃபோம் கூடத்தில் ஒயர் பொறிந்து தீப்பிடித்தது. சைரன் அடித்தது. மாதாமாதம் நின்று பழகிய இடம். கால் தானாகவே சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. கூடத்தின் ஜன்னல்களிலிருந்து தார் மாதிரிப் புகை வந்துகொண்டிருந்தது.

வனமாமலை எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"ஒருத்தர் குறையுது."

"அல்லாரும் வண்ட்டாங்கபா. நான் பார்த்தேன்" என்றார் பாபு.

வனமாமலை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார். பதில் வராத பெயர் மகாராஜா.

"மகாராஜாவ யாரு பாத்தது? எந்த மெஷின்ல நின்னான்?"

மாரிராஜ் இரண்டாவது வரிசையில், பாபுவின் தோள் உரசும் தூரத்தில் நின்றான். அவன் ஊருக்குப் போயிருக்கான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் வேலை இரண்டும் போகும். மகாராஜா கொடை முடிந்து திரும்பி வரும்போது அவன் முகத்தில் எப்படி முழிப்பது? ஃபயர் இன்ஜின் வரட்டும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். இப்போது அவனைத் திட்டுவது சுலபம். இருபது வயதில், எட்டுப் பேர் அறையில், வேலை என்பது என்னவென்று தெரிந்தவர்கள் கொஞ்சம் யோசித்துத் திட்டுவார்கள்.

வனமாமலை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டைத் தொட்டியில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு கூடத்தின் பக்கக் கதவில் நுழைந்தார். அவர் அப்படிச் செய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "அண்ணாச்சி, அவன் இல்ல, அவன் ஊருக்குப் போயிருக்கான்" என்று மாரிராஜ் கத்திக்கொண்டு கதவுவரை ஓடினான். நாலு பேர் அவனைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரத்தில் கூத்துக் காட்டுகிறான் என்று ஒருவன் அறைந்தும்விட்டான்.

உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வனமாமலை தரையோடு தரையாகத் தவழ்ந்தார். தரையிலிருந்து ஒரு முழம்வரைதான் மூச்சு விட முடிந்தது. மெஷின் மெஷினாகக் கையால் தடவி, அதன் பின்பக்கமும் தடவி, அடுத்ததற்குப் போனார். "மகாராஜா, ஏல மகாராஜா" என்று கூப்பிட்டார். கூப்பிடும்போதெல்லாம் புகை உள்ளே போனது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் அவரை மேலே தூக்கிக்கொண்டு போக முடியாது. திரும்புவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. கடைசி வரிசையைப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். ஃபோம் அடுக்கியிருந்த மூலையில் கை சுட்டது, அங்கேயும் துழாவினார். ஆள் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பின்பக்க ஷட்டருக்கு வந்தார்.

வெளியே விழுந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பாபுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா எடமும் பாத்துட்டேன் சார். உள்ள ஆள் இல்ல" என்றார். பாபு அழுதுவிட்டார். மாரிராஜ் சொன்ன விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

நெஞ்சுக்குள் போன புகை போனதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குமேல் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். கேட்டை விட்டுவிட்டு உள்ளே போனது செக்யூரிட்டியின் தப்பு என்று, அவரை அங்கே வேலைக்கு அனுப்பியிருந்த ஏஜென்சி வேலையை விட்டு எடுத்தது. பையன்கள் இருவரையும் கம்பெனி எடுத்தது. அடுத்த தையைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சந்தனமாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டர் சொன்னது தப்பவில்லை.

அதற்கு முன்னால், ஐப்பசியில் ஒருநாள் மாரிராஜும் மகாராஜாவும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலைத் தாண்ட மனசு வராமல் நின்றார்கள். சந்தனமாரி மாரிராஜைத்தான் பார்த்தாள்.

"ஒத்த வார்த்த. அதச் சொல்ல ஒனக்கு வாய் வரல."

அவன் தலை குனிந்து நின்றான். அவளுக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

வனமாமலை கட்டிலிலிருந்தபடி மகாராஜாவைக் கூப்பிட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அவனை அவர் அதற்கு முன் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"கொடை நல்லா நடந்துச்சாடே?"

"நடந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்வதற்குள் அந்தப் பையன் உடைந்துபோனான். அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாரிராஜை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, அடுத்த வேலை கிடைத்ததும் தகவல் சொல்லுங்க என்று மட்டும் இருவருக்கும் சொன்னார்.

அவர்கள் போன பிறகு சந்தனமாரி கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். பல நாளாக மனசில் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா? இங்க ஆள் இருக்கான்னு நெனச்சுத்தான போனீய. உள்ள யாருமே இல்ல. அங்கயும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பாறைக்குப் பின்னால யாரும் இருந்திருக்க மாட்டாவ. கவலய விடுங்க."

அவர் இருமி முடிக்கக் காத்திருந்தாள்.

"இங்க யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும் மாரி. நான் போய்ப் பாத்தேன்லா" என்றார். "அங்க நான் எறங்கலியே."

தீக்குள் போய் வந்ததோடு அந்தப் பாரமாவது ஒழிந்தது, உடம்பு போனாலும் மனசு தேறிவிட்டது என்றுதான் அவள் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மாத்திரைக்கு நேரமாச்சு என்று சொல்லித் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.