கிளட்ச் கேபிளில் இரண்டு திருகு

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் பிலோமின்ராஜ் என்றால் தனி மரியாதை. அடம்பிடிக்கிற இயந்திரம் எதுவானாலும் அவர் கைபட்டால் வழிக்கு வந்துவிடும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அளப்பார். அந்தக் கை செய்த ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் நடந்தது அது. அவர் மனைவி லூர்துராணி பாலக்கரையில் டீச்சர். ஊருக்கு வெளியே துவாக்குடிப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வரச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். ஆனால் காலையில் இரண்டு மகள்களையும் ஸ்கூலில் விட்டுவிட்டு பஸ் பிடித்தால், முதல் மணி அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேர முடியும்.

"என்னங்க, உங்க ஸ்கூட்டரை எனக்குக் கத்துக் குடுங்களேன். நீங்க ஷிப்டுக்கு சைக்கிள்ல போயிக்கலாம்ல?"

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிரவுண்டுக்குப் போவோம்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் ஒர்க்ஷாப் வாசலில், கூட வேலை செய்யும் செபஸ்தியானிடம் பெருமையாக இதைச் சொல்லப்போக, அவன் சும்மா இருப்பானா? "சரிதான். இனிமே உங்க வீட்டம்மா உங்களைப் பின்னாடி உக்கார வெச்சுக் கொண்டாந்து விடுவாங்க. டிபன் பாக்ஸை மடியில வெச்சுக்கிட்டு நீங்க வந்து இறங்குங்க!" நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிலோமின்ராஜும் சிரித்து வைத்தார். உள்ளே சுருக்கென்றது. ஆம்பளை ரோஷம் என்று இதற்குக் கௌரவமான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம். வெட்கங்கெட்ட பயம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பானரை எடுத்தார். கிளட்ச் கேபிளை இரண்டு திருகு தளர்த்தினார். அப்படித் தளர்த்திவிட்டால், கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பாதிதான் விடுபடும். முதல் கியர் போட்டதுமே வண்டி எகிறிக் குதித்து நின்றுபோகும்.

அப்படியேதான் நடந்தது. லூர்துராணி கைப்பிடியில் இருந்த கியரைத் திருகினாள், வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி திருகினாள், மறுபடி அணைந்தது. "அவசரப்படாதம்மா, கையை மெதுவா விடணும்" என்று இவர் தேன் ஒழுகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், திங்கட்கிழமை தான் ஓட்டவேண்டுமே என்று கேபிளைப் பழையபடி இறுக்கிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் இந்தக் கூத்து. கடைசியில் ஒருநாள் அவள் முழங்கால் தேய விழுந்தாள்.

"விடுங்க. என் மண்டையில இந்தக் கியரெல்லாம் ஏறாது" என்றாள். துவாக்குடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. விருந்தாளி யார் வந்தாலும், மகள்கள் காது கேட்கவே, "இவர் என்ன பொறுமையா சொல்லிக் குடுத்தாரு தெரியுமா, நான்தான் மக்கு" என்று அவள் சிரிப்பாள். இவர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டாலும் கோபம், பொய் என்று எல்லாம் வெளியே வரும். இது மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிவிடும்.

பத்து வருஷம் கழித்து, கியரே இல்லாத ஸ்கூட்டர் திருச்சிக்கு வந்தது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். கிளட்ச் என்ற பேச்சே கிடையாது. பிலோமின்ராஜ் அவளைக் கேட்காமலே ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். சொல்ல முடியாததை வண்டியாக வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார், பாவம். அதே கிரவுண்டில் முதல் நாளே அவள் ஜம்மென்று ஓட்டினாள். மூன்றாம் ஞாயிறு, அவர் கிரவுண்டுக்கு ஓட்டி வந்திருந்த பழைய ஸ்கூட்டர் பக்கம் வந்து நின்றாள்.

"இப்பத்தான் பயம் விட்டுப்போச்சே. இதையும் ஒரு தரம் பாக்கட்டுமா?"

ஸ்பானர் வண்டிப் பெட்டிக்குள்தான் இருந்தது. 'இரு, கேபிளைப் பாத்துட்டுத் தரேன்' என்றால் போதும், அவள் நம்புவாள். அவர் பெட்டியைத் தொடவில்லை. சாவியை நீட்டினார்.

அவள் கிளட்சைப் பிடித்து முதல் கியரைத் திருகினாள். வண்டி துள்ளவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கிரவுண்டை ஒரு சுற்று சுற்றி வந்து அவர் எதிரே நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்னிக்கும் இதே வண்டிதானேங்க?"

"ஆமா. நான்தான் கேபிளைத் தளர்த்தி வெச்சேன், ராணி. ஒவ்வொரு வாரமும்."

அவள் கிளட்ச் கைப்பிடியை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார்த்தாள்.

"எம் பொண்ணுங்ககிட்ட, உங்க அம்மாவுக்குப் புத்தி பத்தாதுன்னு நானே சொல்லி வளத்துட்டேனேங்க" என்றாள்.

பிறகு கியர் வண்டியிலேயே வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.