மூன்றாவது வரிசையில் ஒரு நாத்தனார்

செஞ்சியில் அந்தத் தெருவுக்குள் அவ்வளவு பெரிய கார் அதற்கு முன் வந்ததில்லை. நெடுமாறன் அதை ஓசூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அன்று, எதிர்வீட்டுக்காரர் தம் மொபட்டை வீட்டுக்குள்ளேயே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயப்போட்டிருந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே பாதியை வாரிக்கொண்டு போனாள். மூன்று வரிசை இருக்கை, ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், கரன்ட்டிலும் ஓடும் பெட்ரோலிலும் ஓடும், வீட்டுப் பிளக்கிலேயே செருகி சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று காரை விட்டு இறங்குவதற்கு முன்பே நெடுமாறன் சொல்லத் தொடங்கிவிட்டான். விலையை மட்டும் அவன் சொல்லவில்லை. அதை அவன் மனைவி ரஞ்சனி சொன்னாள்.

அவன் தங்கை ராஜாம்பாள் எல்லோரையும் போல வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தவளாக உள்ளே போய்விட்டாள். அண்ணன் எதை வாங்கினாலும் அதற்கு வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் தான்தான் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

ராஜாம்பாளுக்கு நாற்பத்து மூன்று வயது. வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை வேகிற நேரமும், அரிசி வேகிற நேரமும் அவள் விரல் நுனியில். கணவர் கோதண்டராமன் விவசாயிகள் நெல் விற்கும் கமிட்டியில் எடை போடுகிறவர். அதிகம் பேசாத மனிதர். பத்தாவது எழுதிவிட்டு அவள் வீட்டில் நின்றுகொண்டதற்குக் காரணம் படிப்பு வராமல் போனது அல்ல. அந்த வருஷம் அம்மா இறந்துபோனாள். நெடுமாறன் வேலூரில் விடுதியில் தங்கி டிப்ளமா படித்துக்கொண்டிருந்தான். கடைக்குட்டி சேரனுக்கு ஐந்து வயது. அப்பா, அவர்களுக்கு நைனா, வயலுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. சேரனுக்குத் தலை வாரியதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பதினோரு நாள் பக்கத்தில் படுத்துக் கிடந்ததும், அவன் பொறியியல் படிக்கப் போனபோது பேருந்து நிலையத்தில் நின்று அழுததும் அவள்தான். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. வீட்டில் மற்றவர்களும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

முப்பத்து மூன்று வயதில் சேரனுக்கு ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமானது. ரஞ்சனி மண்டபத்தைத் திண்டிவனத்தில் பிடித்தாள், சாப்பாட்டுக்கு ஆள் பிடித்தாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தாள். ராஜாம்பாள் எதிலும் தலையிடவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டதும், மற்ற இரண்டையும் போட வேண்டியவள் நாத்தனார். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அந்த இரண்டு முடிச்சைத் தன் கையால் போட வேண்டும். அவ்வளவுதான். அதை வேறு யார் போடப் போகிறார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். தாலியையும் வரிசைத் தட்டுகளையும் கல்யாணத்தன்று விடியற்காலையில் வீட்டில் வைத்துப் படைத்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். அதனால் முதல் நாள் வரவேற்பு முடிந்ததும் சேரனை மண்டபத்தில் விட்டுவிட்டு, ராஜாம்பாளும் அண்ணனும் ரஞ்சனியும் செஞ்சிக்குத் திரும்பினார்கள். கோதண்டராமன் பந்தி வேலையைப் பார்க்க, நைனாவோடு மண்டபத்திலேயே தங்கிவிட்டார். முகூர்த்தம் ஏழரையிலிருந்து எட்டரை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்கே அம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிப் படைத்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு, ராஜாம்பாள் தயாராக வாசலில் நின்றாள். கார் கிளம்பவில்லை. கரன்ட் போயிருந்தது. இரவெல்லாம் சார்ஜ் ஏறி முடிந்திருக்க வேண்டிய வண்டி நாற்பது சதவீதத்திலேயே நின்றிருந்தது.

பெட்ரோல் தொட்டி நிறைய இருந்தது. ஆனால் நெடுமாறன் முதல் நாள் வரவேற்பில் பெண் வீட்டாரிடம் வாயை விட்டிருந்தான். செஞ்சியிலிருந்து வந்து திரும்பிப் போகிற வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகாது, வேண்டுமானால் நாளைக்குத் திரையிலேயே காட்டுகிறேன் என்று பெண்ணின் மாமாவிடம் சவால் விட்டிருந்தான். இப்போது கரன்ட் வரட்டும், அரை மணி நேரம் ஏற்றினால் போதும் என்றான். ஆறே காலுக்கு வந்தது. இருபது நிமிஷத்தில் மறுபடி போனது. ராஜாம்பாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை, நான் பஸ்ஸில் போகிறேன் என்றாள். தாலியை வைத்துக்கொண்டு யாராவது பஸ்ஸில் போவார்களா என்று ரஞ்சனி கேட்டாள். தாலி உங்களிடம் இருக்கட்டும், நான் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. பின்னால் எத்தனையோ நாள் தோன்றியது.

ஏழே காலுக்குத்தான் கிளம்பினார்கள். மாங்கல்யத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரஞ்சனி முன்னால் ஏறினாள். நடு வரிசை இருக்கையை மடக்கிப் போட்டு, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், குத்துவிளக்கு என்று வரிசைத் தட்டுகள் அத்தனையையும் அதன்மேல் பரப்பினார்கள். தட்டுகள் சரியாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எனவே தட்டுகளுக்கு முன்பாகவே ராஜாம்பாள் மூன்றாவது வரிசைக்கு ஏற்றப்பட்டாள். அவள் கைப்பை, போனோடு, முன்னால் ரஞ்சனியின் காலடியில் தங்கிவிட்டது.

அந்த மூன்றாவது வரிசையைப் பற்றி நெடுமாறன் ஒரு வாரமாகப் பெருமையடித்திருந்தான். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முழங்கால் முகவாய்க்கட்டையை இடித்தது. சார்ஜ் வீணாகக் கூடாது என்று ஏசி போடவில்லை. பின்கண்ணாடி திறக்காது. நாற்பதுக்கு மேல் போனால் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும் என்று திண்டிவனம் சாலையில் அவன் உருட்டிக்கொண்டே போக, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. வல்லத்தைக் கடக்கும்போது ராஜாம்பாளின் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மண்டபத்திலிருந்து போன் மேல் போன். இதோ வந்தாச்சு என்று ரஞ்சனி எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். ராஜாம்பாள் இரண்டு கையாலும் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அண்ணன்மேல் இல்லை, முதலில் தன்மேல்தான்.

மண்டபத்து வாசலில் கார் நின்றபோது மணி எட்டு இருபது. ஐயர் மேடையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ரஞ்சனி மாங்கல்யத் தட்டோடு இறங்கி ஓடினாள். மற்ற தட்டை அப்புறம் எடுத்துக்கலாம் என்று யாரோ சொல்ல, நெடுமாறனும் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டே பின்னால் ஓடினான். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்தடி போனால் அந்தக் கார் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதுவும் அவன் ஒரு வாரமாகச் சொல்லி வந்த பெருமைகளில் ஒன்று. கதவுகள் நான்கும் ஒரே சமயத்தில் டக்கென்று பூட்டிக்கொண்டதை ராஜாம்பாள் கேட்டாள்.

முதலில் கூப்பிட்டாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். கறுப்புக் கண்ணாடி, வெளியே நிற்பவனுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. நாயனமும் மேளமும் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெண்மணி அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். அவளுக்கும் ராஜாம்பாளுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை.

நடுக்கதவுகளில் பிள்ளைகளுக்கான பூட்டு விழுந்திருந்தது, முன்கதவை மட்டும் உள்ளிருந்தே திறந்துவிடலாம். அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். நடுவில் வரிசைத் தட்டுகள். மஞ்சளையும் குங்குமத்தையும் வெற்றிலையையும் மிதித்துக்கொண்டு போனால் நொடியில் போய்விடலாம். தம்பி கல்யாணத்து மஞ்சள் குங்குமத்தில் கால் வைக்க அவளால் முடியவில்லை. நீங்களோ நானோ வைத்திருப்போமா என்று எனக்குத் தெரியாது, அவள் வைக்கவில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தன் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தாள். முதல் தட்டைத் தூக்கியதுமே கார் ஊளையிடத் தொடங்கியது. பூட்டிய வண்டிக்குள் யாரோ அசைகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ராஜாம்பாளுக்கு உயிர் வந்தது. இப்போது யாராவது வருவார்கள். ஊளை சட்டென்று நின்றது. யாரும் வரவில்லை. மூன்றாவது தட்டை நகர்த்தும்போது மறுபடி கத்தியது, மறுபடி நின்றது. அப்போதுதான் உள்ளே கெட்டிமேளம் முழங்கியது.

அவள் கையில் குத்துவிளக்குத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, மேளம் அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு மீதித் தட்டுகளையும் எடுத்து ஒழுங்காக அடுக்கிவிட்டு, தவழ்ந்து முன்னால் வந்து கதவைத் திறந்தாள். கொண்டையிலிருந்த பூ நசுங்கியிருந்தது. புடவைக் கொசுவம் அவிழ்ந்து கிடந்தது. காரின் நிழலில் நின்று அதைச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மேடையில் கூட்டம். சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகள் பூங்குழலி, மணப்பெண்ணுக்குப் பின்னால் மாம்பழ நிறப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் எங்கே என்று ஐயர் அவசரப்படுத்தியபோது, பக்கத்தில் நின்ற அவளை யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அவளும் இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ராஜாம்பாளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

அட்சதை விழுந்து கண் சிவந்திருந்த சேரன், அக்காவைப் பார்த்ததும் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, முடிச்சு போடும்போது உன் கை எப்டி நடுங்குச்சு தெரியுமா. அம்மா ஞாபகம் வந்துடுச்சு எனக்கு."

மாம்பழ நிறப் புடவையையும் இரண்டு கைகளையும் மட்டுமே அவன் பார்த்திருந்தான். அதற்குள் புகைப்படக்காரர் குறுக்கே வந்தார். நாத்தனார் முகம் படத்தில் விழவில்லை, ஒருதரம் முடிச்சில் கை வைத்து நின்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். சும்மா வைத்துக் காட்டேன், ஆல்பத்துக்குத்தானே என்று ரஞ்சனியும் சொன்னாள். ராஜாம்பாள் மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றாள். கையைக் கொண்டுபோனாள். ஈர மஞ்சள் கயிற்றில் இரண்டு முடிச்சும் இறுக்கமாக, நன்றாகவே விழுந்திருந்தன. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது நான் போட்டதில்லடா. பூங்குழலி போட்டது. அவள கூப்ட்டு எடுக்கச் சொல்லு."

சேரனுக்குப் புரியவில்லை. அப்ப நீ எங்க இருந்தே என்று கேட்டான்.

"கார்ல. பின்னாடி சீட்ல. பூட்டிட்டு வந்துட்டாங்க."

சேரன் அண்ணனைப் பார்த்தான். நெடுமாறன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டி ரெண்டு வாட்டி கத்துச்சு, பிள்ளைங்க சாஞ்சிருப்பாங்கன்னு நெனச்சு இங்கருந்தே போன்ல நான்தான் ஆஃப் பண்ணேன் என்றான். எப்போது என்று சேரன் கேட்டான். தாலி கட்டுறதுக்குச் சித்த முன்னாடி என்றான் நெடுமாறன்.

சேரன் பிடித்த கையை விடவில்லை. பரவால்லக்கா என்று ஏதோ ஆரம்பித்தான். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் பரவாயில்லை என்று சொல்லி வந்தவள் ராஜாம்பாள்தான். இன்று அவளால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இதுக்கு மேல உனக்கு நான் செய்யறதுக்கு இன்னாடா இருக்குது?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மணப்பெண்ணுக்கும் ஐயருக்கும் கேட்டது. சேரன் குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, பூங்குழலி என்பது யார் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.