பாவாத்தாள் வெடி விட்ட வெளிச்சம்

ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த குருவி ஓட்டும் வேலையைச் செம்மேட்டுப்பாளையம் படை விமானத்தளத்தில் வாங்கியவள் பாவாத்தாள். ஆண்கள் அளவு பூட்ஸில் பஞ்சு திணித்து நடக்க மாட்டேன் என்று நின்று, தன் காலுக்குப் பொருந்தும் ஜோடியை வாங்கியவள். வாக்கிடாக்கியில் பொம்பளைக் குரல் எடுபடாது என்று சொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரர்களை, 'பாவாத்தாள் சொல்லிவிட்டால் ஓடுதளம் சுத்தம்' என்று சொல்ல வைத்தவள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்கக் காகிதத்தில் 'தெரியவில்லை' என்ற வார்த்தையை ஏற்றியவள். அது லேசில் ஏறுகிற வார்த்தை இல்லை.

விமானம் இறங்கும்போது பருந்தோ கொக்கோ குறுக்கே வந்து என்ஜினுக்குள் போனால் விமானமே விழுந்துவிடும். அதனால் ராக்கெட் வெடி கொளுத்திப் பறவைகளை விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். பாவாத்தாளுக்கு அது கைவந்த வேலை. அம்மாவோடு சோளக்காட்டுக் கூலிக்குப் போன வயதிலேயே கவண் பிடித்துக் கிளி ஓட்டியவள் அவள். கதிருக்கு மேலே எது வந்தாலும் முதலில் கல், பிறகுதான் அது என்ன பறவை என்ற யோசனை. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவே இல்லை. ஆனால் தளத்தில் ஒரு விதி உண்டு. விமானம் இறங்க வரும்போது கோபுரத்தைக் கேட்காமல் வெடி விடக் கூடாது.

தை மாதத்தில் ஒரு காலை. வெயில் ஏறத் தொடங்கியும் புல்லில் பனி காயவில்லை. மதன்குமார் என்ற இளம் விமானி பயிற்சி முடித்து இறங்க வந்துகொண்டிருந்தார். அப்போது ஓடுதளத்தின் கிழக்கு முனைக்கு மேலே பாவாத்தாள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தாள். தேங்காய் மூடியைக் கவிழ்த்த வடிவம். டியூப்லைட் வெள்ளை. சத்தம் இல்லை. காற்று நன்றாக அடித்தும் அது இருந்த இடத்திலேயே நின்றது.

கை முந்திக்கொண்டது. கோபுரத்தைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் ராக்கெட் சீறிக்கொண்டு போய்ப் பாதி உயரத்தில் வெடித்தது. வெளிச்சம் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிணற்று வாளியை இழுத்ததுபோல நேர் மேலே ஏறி மறைந்தது. மதன்குமார் இறங்காமல் விமானத்தை மேலே தூக்கி, இன்னொரு சுற்று சுற்றி வந்து இறங்கினார். இன்னதென்று சொல்ல முடியாத பொருளை வானத்தில் கண்டதாக அன்றே எழுதிக் கொடுத்தார்.

செய்தி கேட்ட அண்ணன் அங்கப்பன் சிரித்துவிட்டார்.

"ஏனம்மணி, குருவி ஓட்டப் போனவ தேவலோகத்தையே ஓட்டிப்போட்டியாமே!"

"ஓடுனாத்தானுங்கண்ணா ஓட்டுனதாகும்? அது என்ற வெடியை மதிக்கவே இல்லீங்க" என்றாள் பாவாத்தாள். அவளுக்கு அதுதான் பெரிய குறை.

சிரிப்பு நிலைக்கவில்லை. மதன்குமாரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பி, விசாரணை முடியும் வரை பறக்கக் கூடாது என்றார்கள். வடக்கேயிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். முதல் நாளே ஒப்பந்த மேற்பார்வையாளர் வெங்கடபதி பாவாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாரு அம்மணி. கை தவறி வெடி பத்திக்கிச்சு, அந்த வெளிச்சத்தைத்தான் பைலட்டு பாத்துப்போட்டாருன்னு எழுதியிருக்குது. ரேகை வெச்சயின்னா எச்சரிக்கையோட போயிரும். இல்ல, நானா வேணும்னே விட்டேன்னு சொன்னீன்னா, விதியை மீறுன கணக்கு. வேலை போனாலும் போயிரும்."

"அப்ப அந்தத் தம்பி, நான் விட்ட வெடிக்கும், வானத்துல வந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதவருன்னு ஆயிருமுங்களே?"

"அவரு படிச்சவரு, எங்கயும் பொழைச்சுக்குவாரு. நீ உன்னப் பாரு."

பாவாத்தாள் வேலைக்குத் திரும்பினாள். மகள் யுவஸ்ரீ நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பாவாத்தாளின் கூலிதான் வீட்டைத் தாங்கியது. ஆனாலும் மறுநாள் விசாரணை அறைக்குள் தலை நிமிர்ந்துதான் போனாள்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எழுத்தர் சீனிவாசலு இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார். தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டி, மைப்பெட்டியைத் திறந்தார்.

"அவ்வளவுதாம்மா. இங்க வைங்க."

"ரெண்டும் தப்புங்க சார்."

"எது ரெண்டும்?"

"கை தவறலீங்க. நானேதான் கொளுத்துனேன். கேக்காம கொளுத்துனது என்ற தப்புத்தானுங்க, அதுக்கு என்ன பண்ணறீங்களோ பண்ணுங்க. ஆனா வெளிச்சம் வந்து நின்னதுக்கு அப்புறமேட்டுக்குத்தான் வெடி போச்சு. அதைப் பாக்காம இருந்திருந்தா நான் எதுக்குங்க வெடி விடறேன்?"

சீனிவாசலு அதைச் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் அது என்ன என்று கேட்டார். பருந்தா, பட்டமா, ட்ரோனா? பொள்ளாச்சிப் பக்கம் பொங்கலுக்கு விடுகிற ராட்சத பலூனா?

"பலூனு எங்க ஊட்டு மேலயே போயிருக்குதுங்க. உள்ள நெருப்பு இரையற சத்தம் கேக்கும். இது மூச்சு விடலீங்க."

"அப்ப என்னதான்னு கேக்கறாரு."

"தெரியலீங்க."

சீனிவாசலு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தெரியலைன்னு எழுதுனா, ஏன் தெரியலைன்னு கேட்டு மேலயிருந்து ஒரு காயிதம் வரும். அதுக்குப் பதில் நாந்தான் எழுதோணும்."

"அதுக்கும் தெரியலைன்னே எழுதிப்போடுங்க சார். எனக்குத் தெரியலை. அந்தப் பைலட் தம்பிக்கும் தெரியலை. அய்யா அப்ப அங்க இல்லவே இல்லை. யாருக்கும் தெரியாத ஒண்ண வெடின்னு எப்படிங்க எழுதறது?"

இதை மாற்றிச் சொல்லும்போது சீனிவாசலுவுக்கு வேர்த்தது. அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். அவள் சொன்னாள். இடையில் எதையும் கூட்டவில்லை, வெடி விட்டதைக் குறைக்கவும் இல்லை. மதன்குமார் எழுதிக் கொடுத்ததை எடுத்து, அவள் சொன்னதோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார் அதிகாரி. அவளும் விமானியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசிக்கொண்டதில்லை. வெளிச்சம் நின்ற இடமும், ஏறிப் போன விதமும் ஒத்துப்போயின.

விமானி பார்த்தது உண்மை, இனி அவர் பறக்கலாம் என்றார் அதிகாரி. பொருள் இன்னதென்று தெரியவில்லை என்றே எழுதச் சொன்னார். பிறகு பாவாத்தாள் பக்கம் திரும்பினார். கேட்காமல் வெடி விட்டதற்கு இரண்டு வாரம் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அதன் பிறகு பழையபடி வரலாம். ஆனால் இனி எது பறந்தாலும் முதலில் வாக்கிடாக்கி.

"சரிங்க. நாயமான தண்டனைதானுங்க" என்றாள் பாவாத்தாள்.

புது வாக்குமூலம் அடித்து வந்தது. அதையும் முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'பயந்துபோய் வெடி விட்டேன்' என்று ஒரு வரி வந்தது.

"பயப்படலீங்க சார். அதை எடுத்துப்போடுங்க."

எடுத்தார்கள். சீனிவாசலு வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்தினார். பாவாத்தாள் அதை மூடி ஓரமாக வைத்தாள். அவளுக்குப் பெயர் எழுதத் தெரியாமல் இல்லை. இரண்டாம் வகுப்பில் கற்றது மறக்கவும் இல்லை. சம்பள வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்று எல்லாரும் மையைத்தான் நீட்டினார்களே தவிர, கையெழுத்து வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பேனா குடுங்க சார். இது நான் சொன்னது. நானே போடறேன்."

ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல், 'அ. பாவாத்தாள்' என்று போட்டாள். கீழே தேதியைச் சீனிவாசலு எழுதினார்: 2023 பிப்ரவரி 2, வியாழக்கிழமை.