மேரி டீச்சர் கூட்டிய வட்டம்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தலைமையாசிரியரின் போன் வந்தது. மேரி டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது. அவரோடு சேர்ந்து அதை நடத்திவந்தவன் நான்; இனி நான் மட்டும்தான்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் தலித் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துதான் படித்தார்கள். அவர்களை உள்ளே அழைத்த அன்று மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் டீச்சர் வருடாவருடம் அந்த நாளை வைத்து ஒரு கூட்டம் நடத்துவார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய ஊர்க்காரர்களாகப் பேசி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல். தன் சாதிக்காகவே பேசலாம் என்று யாரும் வர முடியாது.

போன வருடம், செல்வாக்குள்ள வீட்டுப் பெண் ஒருத்திக்கு மரத்தடிப் பிள்ளையின் தாயாகப் பேச விழுந்தது. நன்றாகவே பேசினாள். மறுநாள் அவள் அப்பா நான்கு பேரோடு வந்துவிட்டார். நான் கதவோரமாக ஒதுங்கிவிட்டேன். டீச்சர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, “கோவத்தை அப்புறம் சொல்லுங்கண்ணே. எதுக்குப் பயப்படுறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க” என்றார்.

அந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “அன்னைக்கு நிறுத்துனதோட எங்கப்பா படிக்கவே இல்ல. அதை எம்மக வாயால கேக்க என்னால ஏலாது” என்றார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் இது நடக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

அன்று மாலை டீச்சரின் பேருந்துக்குப் பின்னாலேயே அவர் ஊரான அகரம் வரை இரண்டு பைக்குகள் வந்திருக்கின்றன. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். இதோடு விட்டுவிடலாம் என்றேன். பேகம்பூர்க்காரனான என்னை அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார். “பயமாத்தான் இருக்கு பாய். பயமே இல்லாதவங்க கையில இந்தப் பாடத்தைக் குடுக்கக் கூடாது, புள்ளைகளை மாட்டிவிட்டுருவாங்க” என்றார். பிறகு, நாளைக்கு உங்கள் வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்று கேட்டார். அப்படி ஒரு மனுஷி.

அடக்கத்தன்று தலைமையாசிரியர் என்னை ஓரமாக அழைத்து, இந்த வருடம் கூட்டம் வேண்டாமே என்றார். நானும் தலையாட்டத்தான் இருந்தேன். அதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். மரத்தடியில் படித்த ஒருவரின் பேத்தி அவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“சார், குலுக்கல்ல எனக்கு, உள்ள விடக் கூடாதுன்னு சொல்றவங்க பக்கம் விழுந்துருக்கு. எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். வெள்ளிக்கிழமை இருக்குல்ல?”

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மேரி டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கூட்டம்தான். சொன்ன நிமிடத்திலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். உங்களில் வர முடிந்தவர்கள் அன்று வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.