சைனப் பார்த்த பிரெஞ்சுப் படம்

மாட்டுங்கா ரோடு தண்டவாள ஓரத்தில் ஒருவன் ரயிலில் அடிபட்டுக் கிடந்தான். யாரென்று தெரியவில்லை. கூட்டம் எட்டி நின்று பார்த்தது. தோல்பை தைக்கப் போய்க்கொண்டிருந்த சைனப் மட்டும் குனிந்து, தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியால் அவன் முகத்தை மூடினாள். போலீஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஓதினாள். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். தாராவியில் வீடியோ பார்லர் நடத்திய ஷேக் பரீத் அதைத் தூரத்திலிருந்து பார்த்தான்.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை அபுதாஹிர் கப்பல் வேலைக்குப் போனவர். பிரான்சில் ஏதோ துறைமுகத்தில் இறங்கினார் என்பதோடு தகவல் நின்றது. நிக்காஹில் கட்டிய கழுத்துக் கருகமணியைக் கழற்றாமல் அவள் காத்திருந்தாள்.

எண்பத்தாறு மழைக்காலத்தில் பரீத்துக்குப் பழைய பிரெஞ்சுத் துப்பறியும் படங்கள் சில கிடைத்தன. பாஷை புரியாது; சுடுவதும் ஓடுவதும் புரியும். திருடன், போலீஸ், காதலி எல்லாம் வெள்ளைக்காரர்கள். கறுத்த முகம் வந்தால் ஒன்று மதுக்கடையில் கிளாஸ் கழுவும், இல்லை சந்தில் செத்துக் கிடக்கும். வாய் திறக்காது.

"அரே, நம்மாளு வந்துட்டாம்ல! காலி!" என்று தங்கபாண்டி பெஞ்சிலிருந்து கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் அப்படி விழுந்தவனைக் கண்டு பரீத் டிவி பக்கம் போய்க் குனிந்தான். நீட்டிக் கிடந்த கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கப்பலுக்குப் போகுமுன் தோல் வெட்டும் கத்தி அபுதாஹிரின் அந்த விரலை வாங்கியபோது பரீத் அதே பட்டறையில் நின்றவன். முகமும் அபுதாஹிர்தான்.

சைனபின் அண்ணன் ஜெயினுலாப்தீன் காக்காவிடம் சொன்னான். சினிமாப் பக்கமே போகாத அந்த மனிதர் வந்து பார்த்துவிட்டு, "மையித்துதான். உசுரில்லாத உடம்பு" என்றார்.

"நடிப்பு காக்கா."

"நடிப்பா? இதுல எந்தக் கறுத்தவனுக்காச்சும் ஒரு வார்த்த பேசக் குடுத்திருக்கானா? பேசவே விடாதவன் நடிக்கவா கூப்பிடுவான்? நாதியத்துக் கெடந்த உடம்பத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கான்."

பரீத்துக்கும் சந்தேகம் வந்தது. அப்படியும் இருக்குமோ?

வரும் வெள்ளிக்கிழமை சைனப் கருகமணியைக் கழற்றி, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தா இருக்கவேண்டும் என்று காக்கா முடிவு செய்தார்.

"எம் மாப்பிள்ளைய நா பாக்காம கழத்த மாட்டேன் காக்கா" என்றாள் சைனப்.

மறுநாள் மத்தியானம் காக்கா அவளைப் பார்லருக்குக் கூட்டிவந்தபோது பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. தகரத்தில் மழை அடித்தது. நீல வெளிச்சத்தில் அபுதாஹிர் கண் திறந்தபடி விழுந்தார். துப்பறிகிறவன் வந்தான், அவரைத் தாண்டிக் காலை வைத்தான், சிகரெட் பற்றவைத்தான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சைனப் எழுந்தாள். தண்டவாளத்தில் செய்ததைப் போலத் துப்பட்டியை எடுத்து டிவியை மூடப் போனாள். கை பாதியில் நின்றது.

"தம்பி, வயித்தப் பாருங்க."

சட்டை மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. போலீஸ்காரர்கள் சிலையாக நின்றார்கள். செத்தவர் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

பரீத் இந்தப் படத்தை எத்தனை தடவை போட்டிருக்கிறான்! ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவனும் அந்தத் துப்பறிகிறவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நன்றாகப் பார்க்கலாம் என்று படத்தை நிறுத்தினான். வயிறு எழும்பிய இடத்திலேயே உறைந்தது. கோடு கோடாக நடுங்கிய திரையில் அந்தக் கண்கள் வெளுத்து, நிஜ மையித்தின் கண்களாகிவிட்டன.

"ஓட விடுங்க!" சைனப் அலறினாள். "தம்பி, ஓட விடுங்க!"

விட்டான். மூச்சு வந்தது. ஜெயினுலாப்தீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "படம் புடிச்சன்னைக்கி உசுரோட இருந்திருக்காரு. இன்னைக்கி அல்லாஹ்தான் அறிவான்" என்றார். கருகமணியைப் பற்றி அதற்குப் பின் அவர் பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவர்கள் குடும்பம் தாணேக்குக் குடிமாறியது. புறப்படும்போது சைனப் பார்லர் வாசலில் நின்றாள். கழுத்தில் கருகமணி இருந்தது. பரீத் அவளை அதன்பிறகு பார்க்கவில்லை.

"போய்ட்டு வாரேன் தம்பி. அந்த கேசட்ட அழிச்சிராதீங்க. யாரு கேட்டாலும் போட்டுக் காட்டுங்க. அவரு வார எடத்துல மட்டும் நிப்பாட்டிராதீங்க."